தேதி மாறாத வேலை: சென்னையில் ஒரு மணல் தோட்டம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது, ஜனவரியில் நடந்த ஒரு மலர்க்காட்சிக்காக நாங்கள் சென்னையில் அமைத்த காட்சித் தோட்டம். இடம் 26 அடிக்கு 20 அடி. கட்டுமானம் முழுக்க டிசம்பரில் நடந்தது. எதிர்பாராத தடங்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் எப்படிச் சமாளித்தோம், எதை விட்டுக்கொடுத்தோம், எதை விடவில்லை என்பதை இதே வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்தின் கருத்து. சென்னையின் தென்கரையில், திருவான்மியூரில் தொடங்கிக் கோவளம் பக்கம் வரை, கடலுக்கு வெகு அருகிலேயே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைக்கும். பெய்கிற மழையை மணல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் கடல்நீருக்கு மேலே தனிப் படுகையாக நிற்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். மணலுக்கு மேல் கான்கிரீட் போட்டு மூடினால் மழை இறங்காது. இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கூட இது தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். அதனால் ஒரு மணல்மேடு, அதன்மேல் படரும் அடும்பு, பின்னால் புன்னை நிழல், மேட்டின் மடியில் ஒரு நன்னீர்க் குளம் என்று தோட்டத்தைத் திட்டமிட்டோம். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் மணலிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். அவ்வளவுதான் நோக்கம்.

இந்த நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தப் பக்கம் முக்கியமானது. லண்டனில் 1913 முதல் செல்சியில் நடந்துவரும் மலர்க்காட்சியில் காட்சித் தோட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதில்லை. வடிவமைப்பாளர் தன் குறிப்பில் என்ன சொன்னாரோ அதைத் தோட்டம் செய்து காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் அங்கே ஒரே ஆண்டில் பல தோட்டங்கள் தங்கப் பதக்கம் வாங்க முடிகிறது. நாங்கள் பங்கெடுத்த காட்சியிலும் நடுவர்கள் கையில் எங்கள் குறிப்பு இருந்தது. குறிப்பில் எழுதிய ஒன்று தோட்டத்தில் இல்லையென்றால் அது குறைதான், காரணம் புயலாக இருந்தாலும் சரி. ஆகவே குறிப்பை எழுதும்போதே அளவுகளையும் பொருள்களையும் தவிர்த்து, தோட்டம் என்ன சொல்லப் போகிறது என்பதை மட்டும் எழுதினோம். "பன்னிரண்டடி உயரப் புன்னை", "கருங்கல் சுவர்" போன்ற சொற்கள் அதில் இல்லை. பின்னால் எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு முடிவுதான் என்பேன்.

மழையும் களிமண்ணும்

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். டிசம்பரில் மழை என்பது இங்கே எதிர்பாராதது அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று வந்த புயல்கள் ஊருக்கே மனப்பாடம். எங்களுக்கு எதிர்பாராததாக வந்தது மழை நின்ற பிறகு தரை நடந்துகொண்ட விதம்.

எங்களுக்கு ஒதுக்கிய இடம் களிமண். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் ஒரு சாண் ஆழத்தில் தண்ணீர் கோத்து நின்றது. மோட்டார் வைத்து இறைத்தால் மறுநாள் சுற்றியிருந்த மண்ணிலிருந்து மீண்டும் ஊறி நிறைந்தது. ஈரக் களிமண்ணில் ஆட்கள் நடந்தாலே அது மிதிபட்டு இறுகிவிடும். அப்புறம் அதில் தண்ணீர் சுத்தமாக இறங்காது. ஜேசிபியை உள்ளே விட்டால் நிலைமை இன்னும் கெடும் என்பதால் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. காயும்வரை காத்திருப்பது, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி வடிப்பது, தரையைத் தொடாமல் தோட்டத்தையே உயர்த்திவிடுவது. காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காட்சித் தோட்டத்தில் திறப்பு நாள் ஒன்றுதான் அசையாதது. காத்திருக்கும் நாள்கள் எல்லாம் பின்னால் செடி நடும் நேரத்திலிருந்துதான் போகும். செடி வேலை அவசரத்தில் நடந்தால் எவருடைய கண்ணிலும் பட்டுவிடும். வாய்க்கால் வெட்டலாம், ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்களின் பக்கம் தண்ணீர் போகும். அவர்களும் எங்களைப் போலவே திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் உயர்த்துவது என்று முடிவு செய்தோம்.

ஒரு அடி உயரம் என்றால் 520 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்ற கணக்கில் ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் நாலு அங்குலம் செங்கல் ஜல்லி, அதன்மேல் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் ஜியோ துணி, அப்புறம் எம்-சாண்ட், மேலே இரண்டு அங்குலம் ஆற்று மணல். கடற்கரை மணலை அள்ளுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டப்படியும் தவறு, கரைக்கும் கேடு. ஆற்று மணல் விலை அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரியும் மேல் அடுக்குக்கு மட்டும் வாங்கினோம். ஏதாவது வரும் என்று மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருந்தோம். அதில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலேயே தீர்ந்தது. அது சரியான செலவு. கையிருப்புப் பணத்தைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தரையில் வரும் பிரச்சினைக்கு ஆரம்பத்திலேயே செலவழித்தால்தான் மேலே வரும் எல்லா வேலையும் நேராகும்.

எம்-சாண்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்லை உடைத்துச் செய்வதால் அதில் மாவுத்தூள் இருக்கும். மழை பட்டுக் காய்ந்தால் மேலே ஒரு பொருக்கு கட்டும். நிறமும் சிமெண்ட் சாம்பலாகத் தெரியும். கழுவிய எம்-சாண்ட் கேட்டு வாங்கினால் இது குறையும். எங்களுக்கு வந்த லோடில் தூள் அதிகமாகவே இருந்தது. திருப்பி அனுப்பி வேறு லோடு வரவழைக்க நேரம் இல்லை. நகருக்குள் கனரக லாரிகளைப் பகலில் பெரும்பாலான நேரம் விடுவதில்லை. மணல், ஜல்லி, மரம் எல்லாமே இரவில்தான் வந்து சேரும். ஒரு லோடு தவறினால் ஒரு இரவு போச்சு என்று அர்த்தம். அதனால் தூள் அதிகமான மணலை அடியில் போட்டு, மேல் அடுக்கை மட்டும் நல்ல மணலாக்கினோம்.

குளம் நகர்ந்தது

குளத்துக்குத் தோண்டத் தொடங்கியபோது முக்கால் அடியிலேயே ஒரு பழைய தண்ணீர்க் குழாய் தட்டுப்பட்டது. கொடுத்த வரைபடத்தில் அது இல்லை. நல்லவேளை, கடப்பாரையை ஓங்கிப் போடாமல் மண்வெட்டியால் பக்குவமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் உயிரோடு இருக்கிறதா, செத்துப்போனதா என்று பராமரிப்பு ஆட்களுக்கே தெரியவில்லை. தெரியும்வரை உயிரோடு இருப்பதாகத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

பார்வைக்குச் சுலபமான வழி, குளத்தைத் தரைக்கு மேலே தொட்டியாகக் கட்டிவிடுவது. ஹாலோ பிளாக்கில் சீக்கிரம் முடிந்துவிடும். என்னோடு வேலை செய்த நண்பர் அதைத்தான் சொன்னார். நான் மறுத்தேன். தண்ணீர் மணலுக்குள்ளிருந்து வருகிறது என்பதுதான் தோட்டம் சொல்ல வந்த செய்தி. மணலுக்கு மேலே சுவர் எழுப்பி அதில் தண்ணீர் நின்றால் செய்தியே தலைகீழாகிவிடும். ஆழத்தைக் குறைக்கலாம், இடத்தை மாற்றலாம், வடிவத்தைக்கூட மாற்றலாம். மணல் விளிம்புக்குக் கீழே தண்ணீர் இருப்பதை மட்டும் மாற்றக்கூடாது.

மழைக்காகத் தோட்டத்தை ஒரு அடி உயர்த்தியது இங்கே கைகொடுத்தது. ஒன்றரை அடி ஆழக் குளத்துக்கு இனிமேல் அசல் தரையில் அரை அடி தோண்டினால் போதும். ஆனாலும் குழாயின்மேல் குளம் உட்காரக்கூடாது. எடை காரணம் இல்லை. ஒன்றரை அடித் தண்ணீரைவிட அந்த இடத்து மணலே கனம். குழாயை யாராவது பழுதுபார்க்க வந்தால் குளத்தை உடைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். குளத்தை நான்கு அடி இடப்பக்கம் நகர்த்தினோம். வாசலிலிருந்து நேராகத் தெரிய வேண்டியது ஓரமாகிப்போனது. பார்வை போகிற வழியையே மாற்றி, நடைபாதையை வளைத்து, மேட்டைச் சுற்றி வந்த பிறகுதான் தண்ணீர் தெரியும்படி செய்தோம்.

10 அடிக்கு 6 அடிக் குளத்தில் ஒன்றரை அடி நிறைத்தால் சுமார் 2,500 லிட்டர். நிரப்பிய மறுநாள் மட்டம் இறங்கியிருந்தது. தண்ணீர் ஒழுகாமலிருக்கக் குளத்துக்குள் விரித்திருந்த ஷீட்டை உடனே பிரிக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துக்குள்ளேயே ஒரு கல்லின்மேல் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்து வைப்பது எங்கள் வழக்கம். வாளியிலும் குளத்திலும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியானது. குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கினால் ஒழுக்கு. குளத்தில்தான் அதிகம் இறங்கியிருந்தது. ஒரு மூலையில் ஷீட்டின் மடிப்பு விளிம்பைவிடத் தாழ்ந்து, மணல் திரியைப் போல நீரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. மடிப்பை உயர்த்தியதும் சரியாகிவிட்டது. ஓட்டை எதுவும் இல்லை.

கொத்தனார் ஊருக்குப் போனபோது

உயர்த்திய மணல் சரியாமல் நிற்க ஓரச் சுவர் வேண்டும். கருங்கல் சுவர் என்று பேசி, கல்லும் வந்து இறங்கியிருந்தது. அன்று இரவு மேஸ்திரியின் வீட்டில் ஒரு சாவு. "சார், நான் போய்த்தான் ஆகணும்" என்றார். "மொதல்ல கிளம்புங்க மேஸ்திரி, இத நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவைத்தோம். அவரோடு அவர் ஆட்களும் போனார்கள். எல்லாரும் ஒரே ஊர், சொந்தக்காரர்கள். இதைத் தடங்கல் என்று எழுதவே மனம் வரவில்லை.

வேறு கொத்தனாரைத் தேடலாம். டிசம்பர் கடைசியில், பொங்கலுக்கு முன் வேலையை முடிக்க எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், நல்ல கல் வேலைக்காரர் சும்மா இருக்க மாட்டார். சும்மா இருப்பவரை அழைத்தால் சுவர் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆளைத் தேடாமல், இருக்கிற ஆட்களால் செய்ய முடிகிற சுவரைத் தேடினோம். சவுக்குக் கம்பு. செங்கல்பட்டிலிருந்து கடலூர் வரை கரையோரமெங்கும் சவுக்குத் தோப்புகள் உண்டு. மீனவக் குப்பங்களில் வேலியும் பந்தலும் அதில்தான். நடவு வேலைக்கு வந்திருந்த ஆட்களே கம்பைப் பக்கம் பக்கமாகத் தரையில் அடித்து இறக்கி, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினார்கள். குழாய் போகிற இடத்தில் மட்டும் எதையும் அடிக்காமல், தடித்த கம்புகளைப் படுக்கவைத்து அடுக்கினோம். கல் சுவரைவிட இது இந்தத் தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தியது. இறக்கி வைத்த கருங்கல்லில் கொஞ்சம் குளத்து விளிம்புக்குப் பயன்பட்டது; மீதியைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

புன்னையும் புல்லும்

தோட்டத்துக்குத் தலைவன் என்று ஒரே ஒரு பெரிய புன்னையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தோம். அது இரவு லாரியில் வந்து இறங்கியபோது பை கிழிந்திருந்தது. அடிமரத்தைப் பிடித்து லேசாக அசைத்தால் மரம் மட்டும் ஆடியது, வேர்மண் ஆடவில்லை. வேர்க்கட்டு உள்ளே உடைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. வரும் வழியில் வலை போர்த்தாமல் கொண்டுவந்ததால் காற்றில் இலைகளும் ஒரு பக்கம் வதங்கியிருந்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இலை வாடுகிறதே என்று தண்ணீரைக் கொட்டுவது. உறிஞ்ச வேர் இல்லாதபோது கொட்டும் தண்ணீர் மிச்சமிருக்கும் வேரையும் அழுக வைத்துவிடும். செய்ய வேண்டியது, இலையின் சுமையைக் குறைப்பது. பாதி இலைகளைக் கழித்து, வேர்மண்ணை ஈரச் சணல் சாக்கால் இறுக்கிக் கட்டி, நிழல்வலைக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, இலைமேல் மட்டும் நீர் தெளித்தோம். பாதி இலை போன மரத்தைக் காட்சியில் நிறுத்த முடியாது. அதைவிட, சாகக் கிடக்கும் மரத்தை விளக்குப் போட்டு நிறுத்திவைப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

அதே அளவு மரம் வேறு நர்சரியில் கிடைக்கவில்லை. புன்னை மெதுவாக வளரும் மரம். பெரிய மரங்களை யாரும் இருப்பில் வைப்பதில்லை. ஏழடி உயரத்தில் மூன்று கிடைத்தன. வேர் நன்றாகப் பைக்குள் பிடித்த கன்றுகள். குளம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டதால் ஒரே மரம் நடுவில் நிற்க வேண்டிய கட்டாயமும் போயிருந்தது. மூன்றையும் நெருக்கி, சின்னச் சோலையாக வைத்தோம். கரையில் புன்னை தனியாக நிற்பதைவிடக் கூட்டமாக நிற்பதுதான் இயல்பு.

புல் விஷயத்தில்தான் தோற்றோம். மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் இராவணன் மீசைப் புல்லை நர்சரிகளில் விற்பதில்லை. கடற்கரையிலிருந்து பிடுங்குவதும் கூடாது. முன்கூட்டியே விதைத்து வளர்த்திருந்தோம். தொடர் மழையில் தொட்டிகளில் வேர் அழுகிப் பெரும்பாலும் போய்விட்டன. அடும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கொடியைக் கணு கணுவாக நறுக்கி வைத்தாலே வேர் விடும், ஈரத்தையும் தாங்கும். புல்லுக்குப் பதிலாக வெட்டிவேர் வைத்தோம். கடலூர்க் கரையோர மணலில் அதைப் பயிராகவே செய்கிறார்கள், உடனே கிடைக்கும், நிமிர்ந்து நிற்கும். ஆனால் அது மணல்மேட்டில் தானாக வளரும் புல் அல்ல. குறிப்போடு இணைத்த செடிப் பட்டியலைத் திருத்தி, காரணத்தையும் எழுதி, நடுவர்கள் வருவதற்கு முன்பே நடத்துபவர்களிடம் கொடுத்தோம். மாற்றியதை மறைத்து யாரும் கண்டுபிடிக்காமல் போகட்டும் என்று இருப்பது இந்த வேலைக்கு அழகில்லை. செடி தெரிந்த நடுவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

நேரம் மாறியது

கடைசித் தடங்கல் காகிதத்தில் வந்தது. காலையில் வருவதாக இருந்த நடுவர்கள் மாலை நான்கு மணிக்கு வருவார்கள் என்றார்கள். மற்ற தோட்டங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அடி. அடும்பின் ஊதாப்பூ காலையில் விரிந்து உச்சிவெயிலில் சுருங்கிவிடும். குளத்து நீலநெய்தல் பகலில் மலர்ந்து மாலையில் கூம்பும். வெள்ளை அல்லியோ இருட்டிய பிறகுதான் திறக்கும். நான்கு மணி என்பது எதுவும் பூக்காத இடைவேளை.

செல்சியில் 2021-ல் கோவிட் காரணமாக மே மாதக் காட்சியைச் செப்டம்பருக்குத் தள்ளியபோது, வசந்தப் பூக்களை நம்பிய வடிவமைப்பாளர்கள் செடிப் பட்டியலையே புதிதாக எழுத வேண்டி வந்தது. எங்களுக்கு மாறியது சில மணி நேரம்தான் என்றாலும் கேள்வி அதேதான்: அந்த நேரத்தில் எது அழகாக இருக்கும்?

பூவரசு. எங்கள் செடிப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது, ஓரத்தில். காலையில் மஞ்சளாக விரியும் அதன் பூ மாலைக்குள் செம்பு நிறமாக மாறிவிடும். நான்கு மணிக்கு ஒரே கிளையில் இரண்டு நிறமும் தெரியும். தொட்டியோடு அதைக் குளத்தருகே கொண்டுவந்தோம். அடும்புக்கு மேலே காலை பத்து மணியிலிருந்தே நிழல்வலை கட்டினோம். வெயில் படாவிட்டால் பூ கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும். சில பூக்கள் தாங்கின. நெய்தலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, பாதி கூம்பிய நிலையில்தான் பார்த்தார்கள்.

என்ன ஆயிற்று

நடுவர்களின் எழுத்து மதிப்பீட்டில் குளமும் சவுக்கு ஓரமும் பாராட்டப்பட்டன. மணலுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு விளக்கப் பலகை படிக்காமலே புரிகிறது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. குறை சொன்னது இரண்டு இடங்களில். வெட்டிவேர் மேட்டோடு ஒட்டவில்லை. மேல் மணல் காலடி பட்டு விலகிய இடங்களில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. இரண்டும் நியாயம்.

தடங்கல் வந்தபோதெல்லாம் எங்களுக்குள் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்கியது: இது தோட்டம் சொல்ல வந்ததைத் தொடுகிறதா, தொடவில்லையா? கல் சுவர் தொடவில்லை, அதனால் ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டோம். தொட்டிக் குளம் தொட்டது, அதனால் அதற்கு இசையவே இல்லை. புல் தொட்டது, ஆனால் மாற்றுவழி இல்லாமல் விட்டுக்கொடுத்தோம். நடுவர்களின் கண்ணும் முதலில் அங்கேதான் போனது. என்னோடு வேலை செய்த நண்பர் இன்னும் தொட்டிக் குளம் பரவாயில்லை என்றுதான் சொல்கிறார். அதில் மிச்சமாகியிருக்கும் நேரத்தை மணலுக்குச் செலவழித்திருக்கலாம் என்பது அவர் கட்சி. அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை.

காட்சி முடிந்து பிரித்தபோது மூன்று புன்னைகளையும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு பள்ளிக்குக் கொடுத்தோம். சவுக்குக் கம்புகள் பந்தல்காரரிடம் போயின. மணலைத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. கலந்த மணலாகவே ஒரு கட்டட வேலைக்குப் போனது. உடைந்த புன்னை இன்னும் நிழல்வலைக்கு அடியில்தான் இருக்கிறது, இரண்டு கிளைகளில் புதுத் துளிர் வந்திருக்கிறது. இராவணன் மீசையை இந்த முறை தொட்டியில் வளர்க்காமல், மழை படாத கூரைக்கு அடியில் முழு மணல் பாத்தியில் விதைத்திருக்கிறோம்.